ஷட்டருக்கு மேலே ஒரு அடி

"இது டீயா, கஷாயமா?" என்றார் என் கணவர், டம்ளரை மூக்கருகே கொண்டுபோய்.

"சுக்குப் போட்டிருக்கறன். எளப்புக்கு நல்லதுங்க. பேசாமக் குடிங்க."

"உங்க பள்ளிக்கூடத்துப் பசங்க பாவம். அவங்களையும் இப்படித்தான மெரட்டுவ?"

நின்றுகொண்டே குடித்தார். திருப்புலி நாட்டுக் காளியண்ணனின் தண்ணீர் இறைக்கும் இன்ஜின் தரையில் இருந்தது. அதன் கார்புரேட்டரைக் கழற்றிச் சாக்கின் மேல் பரப்பியிருந்தார். வெளியே எதிர்வீடு தெரியாத அளவுக்குப் பனி. தூறலும் இருந்தது. டம்ளரைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் விரல்களில் மண்ணெண்ணெய் வாசம் அடித்தது.

"ஷட்டரை எறக்கி உட்டுட்டுப் போ கண்ணு. பனி உள்ள வருது."

இரண்டு கைகளாலும் இழுத்து இறக்கினேன். அடியில் இருந்த ரப்பர் சிமெண்ட் தரையில் அழுந்தி உட்கார்ந்தது. ஒரு விரல் நுழையாது. நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அரையாண்டுத் தேர்வுத் தாள்களை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். 1998 மார்கழி. காலை எட்டே கால் மணி.

மலையில் பல ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். நான் தேவனூர் நாட்டில் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை. பெயர் பிரபாவதி. கீழே அடிவாரத்தில் முள்ளுக்குறிச்சிக்கு வாழ்க்கைப்பட்டேன். மாமனார் வெங்கிடுசாமிக்கு மூன்று ஏக்கர் தோட்டமும் கிணறும் உண்டு. ஒரே மகன் ஜீவானந்தம் மண்வெட்டியைவிட ஸ்பேனரைத்தான் ஆசையாகத் தொடுவார். எனக்கு மலையில் வேலை கிடைத்ததும், ராசிபுரத்தில் பார்த்துவந்த மெக்கானிக் வேலையை விட்டுவிட்டு என்னோடு மேலே வந்துவிட்டார். "பொண்டாட்டி சேலையப் புடிச்சுக்கிட்டு மலையேறிட்டான்" என்று ஊரில் சிரித்தார்கள். "சேலை இல்லீனா எழுவது வளைவுல எதைப் புடிச்சுக்கறது?" என்று இவரும் சிரித்தார்.

மலையில் இன்ஜின்கள் இருந்தன, பழுது பார்க்க ஆள் இல்லை. நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரர் சென்றாயன், மிளகு காயவைக்கக் கட்டியிருந்த கொட்டகையை இவருக்குப் பட்டறையாகக் கொடுத்தார். மூன்று பக்கம் சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். முன்பக்கம் பத்தடி அகலத்துக்குத் திறந்தே கிடக்கும். அதற்கு மூங்கில் தட்டி ஒன்றைச் சாத்தி, மேலே தார்ப்பாய் கட்டியிருந்தோம். மழையோ பனியோ, இவர் உள்ளேயே இன்ஜினை ஓட்டிப் பார்ப்பார். தட்டியின் இடுக்குகள் வழியே புகை தன் பாட்டுக்குப் போய்விடும்.

அடிவாரத்து வெயிலில் வளர்ந்த உடம்புக்கு மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது வருடமே இளைப்பு வந்துவிட்டது. மூன்றாவது வருடம் நாமக்கல்லில் மருத்துவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குளிர் காத்துல நின்னு வேலை செய்யக் கூடாது. இல்லேன்னா மலையை விட்டு எறங்கிருங்க." எனக்கு இடமாறுதல் கிடைக்கவில்லை. அவர் இறங்கினால் நான் மேலே, அவர் கீழே. திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே நான் முடிவு செய்துவிட்டேன், பட்டறைக்கு நல்ல கதவாகப் போட்டுவிடுவது என்று.

முள்ளுக்குறிச்சியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த மாரப்பன் அண்ணன் டேப்பைக் கழுத்தில் மாலைபோலப் போட்டுக்கொண்டு வந்தார். புரட்டாசி மாதம். அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்தார். சுவர் நேராக இல்லை. மேலுக்கும் கீழுக்கும் ஒன்றரை அங்குலம் வித்தியாசம்.

"இது சொவுரா, பாம்பா?" என்றார் சென்றாயனைப் பார்த்து.

"மொளகுக்குத்தானய்யா கட்டுனது. மொளகு ஒண்ணும் சொல்லலியே" என்றார் சென்றாயன்.

மாரப்பன் அண்ணன் தரையில் குந்தி, குச்சியால் படம் போட்டுக் காட்டினார். தகடு அடித்த ரெட்டைக் கதவு போடலாம். ஆனால் திறந்தால் இரண்டு பக்கமும் ஐந்தடி வேண்டும், வாசலோ சரிவு, காற்றடித்தால் கதவு சுவரில் மோதியே கீல் பெயர்ந்துவிடும். மடக்குகிற இரும்பு கேட் போடலாம். பூட்டினால் திருட்டுப் பயமில்லை, காற்றும் வரும்.

"காத்து வரக் கூடாதுன்னுதானுங்கண்ணா கதவே போடறது" என்றேன்.

"அப்ப ஷட்டர்தானுங்க. நடுவுல ரெண்டடிக்கு கிரில் வெச்சுத் தாரேன். டவுன்ல கடைக்கெல்லாம் அதான் போடறாங்க."

"கிரில் வேண்டாம். முழுசும் தகடாவே போட்டுருங்க."

இவர் ஓரமாக நின்று பல்லிடுக்கில் குச்சியை வைத்துக்கொண்டு, "ஹெட்மாஸ்டர் உத்தரவு போட்டாச்சு. எழுதிக்கங்க" என்றார். கதவைப் பற்றி அவருக்கு அக்கறையே இல்லை. பழுதுக்கு வரும் ஜீப் உள்ளே நுழைந்தால் போதும்.

ஐப்பசியில் ஷட்டர் வந்தது. பத்தடி நீளத் தகட்டுப் பட்டைகளைப் பாய் சுருட்டியதுபோலச் சுருட்டி, டெம்போவில் கட்டி ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இரண்டு நாள் வேலை. இரண்டு பக்கமும் சுவரைக் கொத்தி, ஷட்டர் ஓடுகிற இரும்புச் சேனலை நிறுத்தினார்கள். சுவரின் கோணலை மறைக்க ஒரு பக்கம் சிமெண்டைக் கூடுதலாகப் பூசினார்கள். மேலே உருளையை ஏற்றி, ஸ்பிரிங்கை முறுக்கி, "இப்ப தூக்குங்க டீச்சர்" என்றார் மாரப்பன் அண்ணன். ஒரு கையால் தூக்கினேன். கடகடவென்று ஏறிப் போயிற்று. இவர் கைதட்டினார்.

ஷட்டர் சுருளும் பெட்டிக்கும் கூரைக்கும் நடுவே ஒரு அடி இடைவெளி இருந்தது, அகலம் முழுக்க.

"இதை என்னங்கண்ணா பண்றது?" என்றேன்.

"அப்படியே இருக்கட்டுமுங்க. குருவி வராம இருக்க வலை அடிச்சுத் தாரேன். இன்ஜின் ஓட்டற எடம், பொகை போவோணுமில்லீங்க."

"பனி அது வழியாத்தானுங்கண்ணா எறங்கும். தலை மேலேயே கொட்டும். அடைச்சிருங்க."

"டீச்சர், நான் சொல்றதைக் கேளுங்க..."

"அவருக்கு எளப்புங்க. டாக்டர் சொல்லியிருக்கறார். அடைச்சிருங்க."

அவர் ஜீவானந்தத்தைப் பார்த்தார். இவர் தோளைக் குலுக்கினார். "இன்ஜின் ஓட்டறப்ப ஷட்டரைத் தூக்கிக்கிட்டாப் போவுது. உடுங்கண்ணா" என்றார். மாரப்பன் அண்ணன் கொத்தனாரைக் கூப்பிட்டுச் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னார். நான் அதோடு விடவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் நெளிவுகளுக்குக் கீழே, சுவரின் தலையில் இருந்த சின்னச் சின்னப் பொந்துகளையும் காட்டினேன். அவற்றையும் பூசினார்கள். நோட்டுத் திருத்துவதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பின்சுவரின் ஜன்னலுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட வைத்தேன். சென்றாயன் வந்து உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "பூனை போவக்கூட வழியில்லியே டீச்சர். ஒரு மெத்தையைப் போட்டு நீங்களும் உள்ளாறயே படுத்துக்கங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அதன்பிறகு ஆறு வாரம் இளைப்பு இல்லை. பகலில் வெயில் இருந்ததால் ஷட்டர் பெரும்பாலும் தூக்கியே இருந்தது. மார்கழியில் அந்த ஒரு நாள்தான் விடிந்தும் விடியாததுபோல இருந்தது.

மதியம் சாப்பாட்டுக்கு வந்தேன். ஷட்டர் இறங்கியே இருந்தது. இன்ஜின் சத்தம் இல்லை. தட்டிக் கூப்பிட்டேன். பதில் இல்லாததால் சென்றாயனைக் கத்திக் கூப்பிட்டேன். சென்றாயன் ஓடிவந்து ஒரே தூக்கில் தூக்கினார். உள்ளே சூடாக இருந்தது. புகை கண்ணைக் கரித்தது. இன்ஜின் மண்ணெண்ணெய் தீர்ந்து நின்றிருந்தது. இவர் அதன் பக்கத்தில், கையில் துணியோடு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னம் சிவந்திருந்தது. நாலு வருடத்தில் மலையில் அவர் முகம் அவ்வளவு நிறமாக இருந்து நான் பார்த்ததில்லை. தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். தோளைத் தொட்டு, "ஏனுங்க" என்றேன்.

புகையில் இருக்கும் விஷ வாயு என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அதற்கு நெடி கிடையாதாம். தூக்கம் வருவதுபோல இருக்குமாம். எழுந்து ஷட்டர்வரை போகக் கால் ஒத்துழைக்காதாம். தட்டி இருந்த காலத்துப் பழக்கத்தில், ஷட்டரைத் தூக்காமலே இன்ஜினை ஓட்டிப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் போலீஸ் வந்தது. மாமனாரும் அத்தையும் கீழேயிருந்து வந்திருந்தார்கள். மாரப்பன் அண்ணனும் வந்திருந்தார். எஸ்.ஐ. பட்டறைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"யாருய்யா இதைப் போட்டது? மேல ஒரு ஓட்டைகூட விடாமயா அடைப்ப?"

மாரப்பன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அத்தையின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு நொடிதான் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"உட்டிருக்கோணுமுங்க. என்ற தப்புதானுங்க."

மாமனார் பாய்ந்து அவர் கன்னத்தில் அறைந்தார். "என்ற பையனைப் பொட்டியில போட்டு அடைச்சுக் கொன்னுட்டியேடா!" மாரப்பன் அண்ணன் கையைக்கூடத் தூக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அன்றைக்குச் சத்தம் வராததற்கு யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பதினாறாம் நாளும் வரவில்லை. தை மாதம் பள்ளிக்குத் திரும்பிய பிறகும் வரவில்லை. அதற்கெல்லாம் நான் சாக்குச் சொல்ல முடியாது.

போலீஸ் விபத்து என்று எழுதி முடித்துவிட்டது. ஊர் முடிக்கவில்லை. என்னோடு வேலை பார்த்த விமலா டீச்சர் ஒருநாள் சொன்னாள்: "அந்த மாரப்பனுக்கு இப்ப மலையில யாருமே வேலை குடுக்கறதில்லையாம் பிரபா. ரேஷன் கடைக் குடோனுக்கு ஷட்டர் போடற வேலையைக்கூட ராசிபுரத்து ஆளுக்குக் குடுத்துட்டாங்க. அவன்கிட்டக் கதவு போட்டாச் சவப்பொட்டின்னு பேசிக்கறாங்க. வேணும் அவனுக்கு."

நான் வருகைப் பதிவேட்டைத் திருப்பிக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன். எனக்குப் பரிந்துகொண்டு பேசியவளிடம் அந்த ஒரு எழுத்தைத்தான் சொன்னேன்.

சித்திரையில், கோடை விடுமுறைக்கு முள்ளுக்குறிச்சிக்குப் போனேன். மாமனார் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கையில் தட்டச்சு செய்த காகிதங்கள். மாரப்பன்மீது வழக்குப் போட வேண்டும், மனைவி என்ற முறையில் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

"காசுக்காவ இல்ல அம்மிணி. அவன் கோர்ட்டுல நிக்கோணும். நான் செஞ்சேன்னு எல்லாரு முன்னாலயும் சொல்லோணும்."

பேனாவை என்னிடம் நீட்டினார். காகிதத்தைப் படித்தேன். 'காற்று செல்லும் வழியை எதிர்மனுதாரர் தன்னிச்சையாக அடைத்துவிட்டபடியால்' என்று இருந்தது. தன்னிச்சையாக என்ற சொல்லின் மேல் விரலை வைத்தேன். எடுக்க முடியவில்லை.

"மாமா, அடைக்கச் சொன்னது நான்."

"என்ன சொல்ற?"

"அவர் வேண்டாம்னு சொன்னாருங்க. வலை அடிச்சுத் தாரேன்னாரு. பனி வரும்னு நான்தான் அடைக்கச் சொன்னேன். அன்னைக்கு ஷட்டரை எறக்குனதும் நான்தானுங்க."

அவர் பேனாவின் மூடியைத் தேடி எடுத்துப் போட்டார். பிறகு குரலைத் தணித்து, "இதை வேற யாருகிட்டயாச்சும் சொன்னியா?" என்றார்.

"இல்லீங்க."

"சொல்லாத. என்ற பையன்தான் போயிட்டான். உன்னையும் ஊரு பேசோணுமா?"

"அப்ப மாரப்பன் அண்ணனைப் பேசலாங்களா மாமா?"

அவர் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அடுப்படி வாசலில் அத்தை நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "அவனுக்கு எளப்பு வரக் கூடாதுன்னுதான அடைச்ச" என்றார், யாரிடமோ கேட்பதுபோல. பிறகு உள்ளே போய் எனக்குச் சோறு போட்டு வைத்தார். குழம்பு, ரசம், எல்லாம் வழக்கம்போலத்தான். "சாப்புடு" என்றார். எப்போதும் 'சாப்புடு கண்ணு' என்பார்.

மறுநாள் காலை நானாகவே மாரப்பன் அண்ணன் பட்டறைக்குப் போனேன். ஜன்னல் கிரில்லுக்கு நான்கு பேர் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, வகுப்பில் பேசும் குரலில் சொன்னேன். இடையில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரியும்.

அவர் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்குத் தெரியாதுங்களா டீச்சர்? அதைச் சொல்ல இவ்வளவு தூரம் வரோணுமா?"

"அன்னைக்கே நீங்க சொல்லியிருக்கலாமுங்கண்ணா."

"எப்படிங்க சொல்றது? நீங்க உக்காந்திருந்த கோலத்துல?" கையுறைகளைக் கழற்றினார். "அதுவுமில்லாம, நான் சொன்னதும் பொய்யில்லீங்க. இன்ஜின் ஓட்டற எடத்துக்கு வழி உடோணும்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. வேலைக்காரன் நான். முடியாது, வேற ஆளைப் பாத்துக்கங்கன்னு டெம்போவுல ஏறிப் போயிருக்கோணும். ரெண்டு நாள் வேலை முடியற நேரம், மழை வேற வருது, சரின்னு உட்டுட்டேன். தூக்கம் வராம கெடக்கறப்ப இதைத்தானுங்க நெனைச்சுக்கறேன்."

காத்திருந்தவர்களில் ஒருவர் எனக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். நான் உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றார் மாரப்பன் அண்ணன். "அந்த அடைப்பை இன்னும் ஒடைக்கலியாமே. சென்றாயன் மறுபடி யாருக்காச்சும் வாடகைக்கு உட்டாருன்னா?"

பள்ளி திறப்பதற்கு முன் ஒருநாள் சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு மேலே வந்தார். நான் கீழே நின்று செங்கல்லை வாங்கி அடுக்கினேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அடைக்க அரை நாள் ஆகியிருந்தது. வலையை அடித்து முடித்ததும் ஷட்டரை இறக்கிவிட்டு இருவரும் உள்ளே நின்று பார்த்தோம். மேலே பத்தடி நீளத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை, நானும் அழுதுகொண்டிருந்ததை மறைக்கவில்லை. "போதுமுங்களா?" என்று கேட்டார். "போதுமுங்கண்ணா" என்றேன்.

வழக்கு நடக்கவில்லை. அந்தக் காகிதங்களை மாமனார் என்ன செய்தார் என்று தெரியாது. நான் சொன்னது ஒரு வாரத்தில் ஊர் முழுக்கப் பரவியது. சிலர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். சிலர் கூடுதலாகப் பேசினார்கள், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மாரப்பன் அண்ணனுக்கு மலையில் மெல்ல வேலை வரத் தொடங்கியது. இது நடந்து எட்டு வருடம் ஆகிறது. நான் அதே பள்ளியில்தான் இருக்கிறேன், மாதம் ஒருமுறை கீழே போய் மாமனாரையும் அத்தையையும் பார்த்துவிட்டு வருகிறேன். மாரப்பனைப் பற்றி மாமனார் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. என்னை பஸ் ஏற்றிவிட வருவார். பஸ் நிறுத்தத்துக்கு நேர்வழி அந்த வெல்டிங் பட்டறைத் தெருதான். அவர் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடக்கிறார், இன்றும் மாரியம்மன் கோயிலைச் சுற்றித்தான் போகிறோம்.