நாற்காலிக்குச் சாக்ஸ்

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். ‘பிரேக்’ என்று நான் கத்தினால் பக்கத்துத் தெருவில் போகிற வண்டியும் நிற்கும். என் வாயைத் தைத்தாலும் மூக்கால் பேசுவேன் என்பான் தம்பி. அப்படிப்பட்ட என்னை, அவன் வீட்டுக் கதவைத் திறந்த வாண்டு உதட்டில் விரலை வைத்து வரவேற்றாள்.

வாண்டு என் தம்பி மகள். ஒன்பது வயது. அவள் அம்மா சில மாதங்களாகப் படுக்கையறையை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. மனச்சோர்வு என்று டாக்டர் சொல்லியிருந்தார், மாத்திரையும் சாப்பிட்டுவந்தாள். தம்பி தனியாகத் திண்டாடுகிறானே என்று லீவு போட்டுவிட்டு ஒத்தாசைக்கு வந்திருந்தேன்.

உள்ளே போனால் அது வீடு மாதிரியே இல்லை. காலிங் பெல்லுக்குள் பஞ்சு. டிவிக்கு மேல் போர்வை. சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நாற்காலிகள் எல்லாக் காலுக்கும் சாக்ஸ் மாட்டிக்கொண்டு நின்றன.

“என்னடி இது, நாற்காலியெல்லாம் ஸ்கூலுக்குக் கெளம்பிடுச்சா?”

அவள் சிரிக்கவில்லை. “மெதுவா பேசுங்க அத்தை. நாற்காலிய இழுத்தா சத்தம் வரும். அம்மாவுக்குத் தலைவலி.”

தலைவலியா? தம்பியைப் பார்த்தேன். ஐயா பாத்திரம் கழுவுவதில் மும்முரமாகிவிட்டார். சமையலறைக்குள் போய்ப் பிடித்தேன்.

“வேற என்னக்கா சொல்றது? குழந்தைக்கு என்ன புரியும்?”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறியேடா! அவளும் இதே வீட்டுலதானே இருக்கா?”

இன்னும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவன் கண்ணுக்கடியில் இருந்த கருவளையத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. பாவம், அவனும் சரியாகத் தூங்கி எத்தனை நாளோ.

திரும்பினால் வாசற்படியில் வாண்டு. தோளில் பள்ளிக்கூடப் பை. அதிலிருந்து ஒரு கவுனின் கை வெளியே தொங்கியது.

“அத்தை, உங்க வீட்டுக்குப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போயிடுங்க.”

“அம்மாவை விட்டுட்டா?”

“நானும் மெதுவா இருந்து இருந்து பாத்துட்டேன். அப்பவும் தலைவலி போகல. நான் இங்க இல்லன்னா போயிடும்.”

தம்பியின் கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் விழுந்தது. அவன் சொன்ன சின்னப் பொய்யை நம்பி, எல்லாம் தன்னால்தான் என்று இந்தப் பிஞ்சு இத்தனை நாளும் தன்னைத் தானே தண்டித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

“உன்னாலன்னு யாருடி சொன்னது?” என் அளவுக்கு மெதுவாகத்தான் கேட்டேன். அந்த அமைதியில் அது கடைசி அறை வரை போய்விட்டது.

படுக்கையறைக் கதவு திறந்தது. சீவாத தலையும் கசங்கிய நைட்டியுமாக, சுவரைப் பிடித்தபடி தம்பி மனைவி வந்தாள். நிற்க முடியாமல் மகளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“எனக்குத் தலைவலி இல்லடி செல்லம். மனசுக்கு உடம்பு சரியில்ல. மனச்சோர்வுன்னு பேரு. நீ கத்தினதால வரல, சேட்டை பண்ணதாலயும் வரல.”

“அப்போ நான் மெதுவா இருந்தது?”

“நீ ஸ்கூல்லேர்ந்து வந்துட்டியான்னுகூட எனக்குத் தெரியல. முன்னெல்லாம் பாட்டுப் பாடிட்டே வருவ. இப்போ காதைத் தீட்டிக்கிட்டுப் படுத்திருக்கேன், ஒண்ணுமே கேக்கல.”

“நாளைக்கு எந்திரிப்பியாம்மா?”

“தெரியலடி. டாக்டர் சொல்றபடி கேக்கறேன். சில நாள் முடியும், சில நாள் முடியாது.”

“முடியலன்னா?”

“முடியலன்னாலும் உன்மேல கோவம் இல்ல. என்னைக்குமே இல்ல.”

அப்போதுதான் வாண்டு அழுதாள். அடக்கிவைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, வீடே அதிர அழுதாள். தம்பி பழக்கதோஷத்தில் “உஷ்ஷ்” என்று குனிந்தான். அவன் மனைவி அவன் கையை விலக்கிவிட்டு மகளை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

“விடுங்க, நல்லா அழட்டும். எனக்குக் கேக்கணும்.”