புட்டுக்குழலுக்கு ஒரு சில்லு

"தீயக் கூட்டி வைக்காதேன்னு சொன்னேனா இல்லியாடி?"

ஜெபகனி அக்கா போட்ட சத்தத்தில் குவைத் அப்பாசியாவில் எங்கள் கட்டடத்தின் வெள்ளிக்கிழமைத் தூக்கமே கலைந்தது. மகள் அக்ஸாவும் விடவில்லை. "நான் அடுப்புப் பக்கமே போகல்லம்மா."

பக்கத்து ஃபிளாட்காரியான நான், இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க அப்போதுதான் போனேன். அக்ஸாவைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தது தற்செயல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுக்களையில் புட்டு, குழலுக்குக் கீழே இருந்த பானைத் தண்ணீரில் விழுந்து கஞ்சியாகிக் கிடந்தது. குழலின் அடியில் மாவைத் தாங்கும் ஓட்டைத் தட்டான சில்லு, பொரித்த பப்படம் போல நெளிந்திருந்தது.

பழைய சில்லு முன்பே குப்பையோடு போய்விட்டிருந்தது. கீழே கடையில் புதுக் குழலே கிடைக்கும். ஆனால் ஜெபக் கூட்டத்தில் அக்கா இதைச் சொன்னபோது, இந்த மாப்பிள்ளை ஜெரிஷ்தான் "நான் செஞ்சு தாறேன் ஆன்ட்டி" என்று முந்திக்கொண்டான். அவனுக்கு அத்தர் கம்பெனியில் டிசைனர் வேலை. குப்பி மூடிகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து, த்ரீ-டி பிரிண்டரில் சாம்பிள் எடுத்து முதலாளிக்குக் காட்டுவான். பிடித்துவிட்டால் அசல் வேறெங்கோ உலோகத்தில் தயாராகும். அவன் கையால் செய்த எதற்கும் வேலை செய்ய வேண்டிய கட்டாயம் இருந்ததில்லை. பார்க்க லட்சணமாக இருந்தால் போதும்.

பொன்னிறப் பிளாஸ்டிக்கில் வந்த அந்தச் சில்லை அக்கா, தான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரி வார்டு முழுக்கக் காட்டினார். எனக்கே மூன்று முறை.

இப்போது ஹாலுக்கு வந்து, ஜெரிஷ், அவன் சித்தப்பா ஞானசிங் இருவர் முன்னாலும் அக்கா கைகளைப் பிசைந்தார். "மன்னிச்சிரு மக்கா. நீ ஆசையா செஞ்சு தந்தத இந்தப் பெண்ணு உருக்கிப் போட்டா."

ஜெரிஷ் டீ கிளாஸைப் பார்த்தபடி, "பரவால்ல ஆன்ட்டி" என்றான்.

அக்ஸா நெளிந்த சில்லைக் கழுவி, பலகாரம் வைப்பதுபோல ஒரு தட்டில் வைத்து அவன் முன் கொண்டுவந்தாள். "இது ஆவியத் தாங்குமா?"

அவன் காது இரண்டும் சிவந்துவிட்டன. "தாங்காது. அளவு சரியான்னு பாக்கத்தான் செஞ்சேன். ஸ்டீல்ல அப்புறம் வெட்டித் தரலாம்னு."

"அத ஏன் சொல்லல்ல?"

"ஆன்ட்டி ரொம்பப் பாராட்டுனாங்க."

அக்கா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டார். ஞானசிங் ஏ.சி.யை அண்ணாந்து பார்த்தார்.

"உருகுனது கிடக்கட்டும்," என்றாள் அக்ஸா. "செய்யாத தப்புக்கு 'பரவால்ல'ன்னு என்னை மன்னிச்சீங்களே, அத எங்க கொண்டு வைக்க?"

கடையிலிருந்து குபூஸ் ரொட்டி வாங்கிவரச் சொல்லி, பயறு கூட்டித் தின்றார்கள். யாரும் தலை நிமிரவில்லை. நானும் மரியாதைக்கு ஒன்று தின்றேன்.

இரண்டு மாதத்தில் ஜெரிஷ் யாரிடமும் சொல்லாமல் பர் துபாய்க்கு மாறிப் போனான். அங்கே ரெஷ்மா என்ற பெண்ணைக் கட்டியிருக்கிறானாம். அந்த வீட்டில் புட்டு அவிப்பதில்லை என்று கேள்வி.

அக்ஸா கிளிட்டஸ் என்பவனைக் கட்டிக்கொண்டு பக்கத்து ஃபர்வானியாவுக்குப் போய்விட்டாள். கல்யாணத்துக்கு நான் கொடுத்தது ஒரு புட்டுக்குழல், ஸ்டீல் சில்லோடு. ஜெபகனி அக்கா என் முகத்தைப் பார்க்காமலே வாங்கி வைத்தார்.