நாற்பத்து மூன்று நொடி, தாண்ட முடியாது

1.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, பேருந்தில் திருடியது. சூலூரிலிருந்து காந்திபுரம் போகும் வண்டி, காலை ஒன்பது மணி, மூச்சுவிட இடமில்லை. எனக்கு முன்னால் கம்பியைப் பிடித்து நின்ற இரண்டு பெண்களில் சின்னவள் சொன்னாள்:

"அவன் அவ்ளோ மரியாதையாப் பேசறானுங்க்கா. எப்படீங்க வெட்டறது?"

பங்காளித் தகராறு என்று நினைத்துக் காதைத் தீட்டிக்கொண்டேன். இந்த ஊரில் வெட்டப்போகிறவனைக்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவள் அடுத்து, "நாப்பதாவது வளைவுல நிக்கறான். கொம்பு வேற இருக்குது" என்றாள். அப்போதுதான் பிடிபட்டது, அவர்கள் பேசுவது ஏதோ ஒரு வீடியோ கேமைப் பற்றி! அடேயப்பா, எனக்கு வந்த உற்சாகத்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, டீக்கடை வாசலில் நின்றபடியே முதல் வரியை எழுதினேன்.

"மூடுபனி சூழ்ந்த மலையுச்சியில், ஆயிரம் ஆண்டுகளாகக் கண் மூடாத அசுரன் ஒருவன் தன் கொம்புகளை—"

(வேண்டாம். அசுரனை நான் பார்த்ததில்லை. சூலூரைப் பார்த்திருக்கிறேன்.)

"பிரவீனா நான்கு வருடமாக ஒரு விளையாட்டுக்காகக் காத்திருந்தாள்."

இது இருக்கட்டும். இதில் ஒரு ஆள் இருக்கிறாள், ஒரு ஆசையும் இருக்கிறது.

2.

பிரவீனாவுக்கு இருபத்தேழு வயது. பம்ப்செட் செய்யும் ஒரு கம்பெனியில் வரைபடப் பிரிவில் வேலை. அது சம்பளத்துக்கு. உயிர் வேறு இடத்தில் இருந்தது: 'அம்மணி ஆடறா' என்று ஒரு யூடியூப் சேனல், பதினெட்டாயிரம் பேர் பார்க்கிறார்கள். புதுப்புது கேம்களை ஆடிக் காட்டி, எது நொட்டை எது நொள்ளை என்று போட்டு உடைப்பாள். குறையை ஒளிக்கமாட்டாள் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே பெருமை. ஒவ்வொரு வீடியோவையும், "பார்த்ததைச் சொல்லிப்போட்டேனுங்க, அப்புறம் உங்க இஷ்டமுங்க" என்றுதான் முடிப்பாள்.

அவள் காத்திருந்த விளையாட்டின் பெயர் 'பனிக்கோட்டம்'. கோயமுத்தூரில் ஒரு மூன்றாவது மாடியில் பத்துப் பேர் சேர்ந்து நான்கு வருடமாகச் செய்தது. வால்பாறை ரோடு போலவே நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், வளைவுக்கு வளைவு ஊர்கள், மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். வீரன் வீடு வீடாகப் போய் விசாரித்து வழி தெரிந்துகொண்டு, உச்சிக்கு ஏறிப் பனி அசுரனை வெல்ல வேண்டும். முழுக்கத் தமிழில், அதுவும் கொங்குத் தமிழில்! அந்தக் கேமின் முதல் படம் வெளியான அன்று பிரவீனா கம்பெனிக் கேண்டீனில் தோசையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்று கைதட்டியவள்.

வெளியீட்டுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, கேம் கம்பெனியின் முதலாளி மனோஜ்குமார் அவளுக்கு மட்டும் கேமை முன்கூட்டியே அனுப்பிவைத்தார். அவள் இரண்டு நாள் லீவு போட்டாள். கதவைச் சாத்தினாள். அம்மா சாமியாத்தாள் சாப்பாட்டுத் தட்டோடு இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, "திருவிழாவுக்குக்கூட இவ இப்படிக் குதிச்சதில்ல" என்று திரும்பிப் போனார்.

* வீடியோ கேமைப் பற்றி எனக்கு ஒரு எழவும் தெரியாது. தெரிந்தவர்கள் தப்புக் கண்டுபிடித்தால் மனதுக்குள் திருத்திக்கொள்ளுங்கள்.

3.

இரண்டாவது நாள் மாலை அவள் கையில் ஏழு குறைகள் இருந்தன.

மூன்றாவதிலிருந்து சொல்கிறேன், அவை எளிது. ஒன்பதாவது வளைவில் குதிரை பாறைக்குள் தலையை விட்டுக்கொள்கிறது, பின்பக்கம் மட்டும் தனியாக நடந்து போகிறது. பனி அதிகமான இடத்தில் எதிரியும் தெரியவில்லை, பாதையும் தெரியவில்லை. மற்றதெல்லாம் எழுத்து பொடி, வாள் சத்தம் கரண்டிச் சத்தம், அந்த ரகம்.

இரண்டாவது குறை அசுரன். பெயர் நஞ்சுண்டன். இரண்டு ஆள் உயரம், எருமைக் கொம்பு, கண்ணில் நெருப்பு. வீரன் மூச்சிரைக்க உச்சிக்கு ஏறி வந்து நின்றால் அவன் சொல்கிறான்: "ஏனுங்க வீரரே, இத்தனை தூரம் வந்துபோட்டீங்க. களைப்பா இருப்பீங்க. கொன்னுபோடட்டுங்களா?" பிரவீனா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தவனை எப்படி வெட்டுவது— (இல்லை, தப்பு. சிரித்தது அவள், வெட்ட வேண்டியது அவனை. வாக்கியம் கைமீறிப் போய்விட்டது. விட்டுவிடுகிறேன்.)

முதல் குறை தண்ணீர்.

எந்த வீட்டுக்குப் போனாலும் வீரன் வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றுகிறான். உள்ளேயிருந்து ஒருவர், "உள்ள வாங்க" என்கிறார். அவன் நிலைப்படியைத் தாண்டுகிறான், கட்டிலில் உட்காருகிறான். சொம்பில் தண்ணீர் வருகிறது. அண்ணாந்து குடிக்கிறான், சொம்பைத் திருப்பிக் கொடுக்கிறான். அதற்குப் பிறகுதான் பேச்சு. பிரவீனா கடிகாரம் வைத்துப் பார்த்தாள். நாற்பத்து மூன்று நொடி. தாண்டிப் போக பொத்தானே இல்லை. நூற்றுப் பன்னிரண்டு வீடு என்றால் ஒரு மணி இருபது நிமிடம் வெறும் தண்ணீர்! பின்னால் ஓநாய் துரத்திக்கொண்டு வரும்போதுகூட செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறான்.

"ரசிகருங்க ஓடிப்போயிருவாங்கண்ணா!" என்று மனோஜ்குமாருக்கு போனில் கத்தினாள்.

"எனக்கும் அது பிடிக்கலீங்க அம்மணி," என்றார் அவர். "கதை எழுதுன தமிழுதான் விடமாட்டேங்கறான். ஞாயித்துக்கெழம பன்னெண்டு மணிக்குள்ள உங்க பட்டியலை எழுதி அனுப்பிப்போடுங்க. கடைசித் திருத்தத்துல தண்ணியைத் தூக்கிர்றேன். ரசிகரே சொல்லிட்டாங்கன்னு அவங்கிட்டச் சொல்லிக்கறேன்."

நான்கு வருடம் காத்திருந்த கேமைத் தன் கையாலேயே திருத்தப்போகிறாள்! பிரவீனா குதித்தாள். சனிக்கிழமையே சேனலில் அறிவித்தாள்: "நாளைக்கு சாயந்திரம் பனிக்கோட்டத்துல ஏழு குறை. முதல் குறையைக் கேட்டா வயிறு வலிக்கச் சிரிப்பீங்க."

4.

ஞாயிறு பதினொரு மணிக்கு, கேமுக்குக் கதை எழுதிய அந்தத் தமிழ்ச்செல்வனே வந்தான்.

முப்பத்தொரு வயது, ஒல்லி, தோளில் லேப்டாப் பை. பிரவீனா அவனை ஆன்லைனில் மட்டுமே பார்த்திருந்தாள். பக்கத்து ஊர்தான் என்று சொல்லி, போன் செய்து கேட்டுவிட்டே வந்தான். வீட்டின் முன்னால் தென்னை, பக்கவாட்டில் தறிக்குடோன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தறிச்சத்தம் இல்லை. அவன் கேட்டுக்கு வெளியே நின்றான்.

"தமிழண்ணா! அய்யோ, நேர்லயே வந்துட்டீங்களா! அந்தப் பதினேழாவது வளைவு இருக்குதில்லீங்க, அருவிக்குப் பின்னால ஊடு, அதைப் பார்த்து அழுதுபோட்டேன் தெரியுங்களா?" என்று ஆரம்பித்தவள், கேட்டைப் பிடித்தபடி பத்து நிமிடம் பேசினாள். அருவி, பனி, பறவைகளின் சத்தம். அவனுக்கும் முகம் மலர்ந்துவிட்டது. இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். குதிரையைப் பற்றிச் சொன்னபோது அவன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

(இந்தப் பத்தியை நான் ஒரே மூச்சில், சந்தோஷமாக எழுதினேன். திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது: அவள் அவனை உள்ளே கூப்பிடவில்லை. இந்த ஊரில் கூரியர் கொண்டு வருகிறவரைக்கூட 'உள்ள வாங்க' என்பார்கள். உற்சாகத்தில் மறந்தது அவளா, நானா?)

பிறகு அவன் கேட்டான். "தண்ணி சமாச்சாரம் பட்டியல்ல இருக்குதுங்களா?"

"முதல்ல அதுதானுங்கண்ணா. தப்பா எடுத்துக்காதீங்க. எல்லா ஊட்லயும் உள்ள கூப்புட்டுத் தண்ணி குடுக்கறது நம்ம பக்கம் சாதாரணமுங்க. அதுல என்ன இருக்குதுன்னு நாப்பத்து மூணு நொடி காட்டோணும்?"

தமிழ்ச்செல்வன் தறிக்குடோன் பக்கம் பார்த்தான்.

"எங்கப்பா பேரு மயில்சாமிங்க. இந்த ஊருக்குத்தான் தேங்கா போட வந்துட்டு இருந்தாருங்க. தண்ணி கேட்டா குடுப்பாங்க. இல்லேன்னு சொன்னதே இல்லீங்க, நல்ல வார்த்தை சொல்லித்தான் குடுப்பாங்க. என்ன, வெளியவே நின்னு கையை ஏந்தோணும், மேல இருந்து ஊத்துவாங்க. அவ்ளோதானுங்க."

பிரவீனா கேட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"கேமை முதல்ல எங்கப்பாகிட்டத்தான் குடுத்து ஆடச் சொன்னனுங்க. அவரு அசுரனைப் பார்க்கவே போகலீங்க. வளைவு ஏறலை, சண்டை போடலை. ஒரு நாள் பூரா ஊடு ஊடாப் போயிட்டே இருந்தாருங்க. நூத்திப் பன்னெண்டும் முடிச்சுட்டு, மறுக்கா முதல் ஊட்ல இருந்து ஆரம்பிச்சாருங்க." அவன் பையின் வாரைச் சரிசெய்துகொண்டான். "குறைன்னா குறைன்னே போடுங்க. ஆட்டமா பார்த்தா அது குறைதானுங்க, எனக்கே தெரியும். ஆனா எங்கப்பா கதையை மட்டும் வீடியோவுல சொல்லிப்போடாதீங்க. அது அவரோடதுங்க."

* அவன் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டதை நான் உங்களிடம் சொல்லிவிட்டேன். அவன் என் கற்பனைதானே, யாரிடம் அனுமதி கேட்பது என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். எனக்கே அது ஒட்டவில்லை.

5.

இப்போது சாமியாத்தாள் வர வேண்டும். இவரிடம்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

முதல் வரைவில் அவர் சிரித்த முகமாக வெளியே வந்து, "உள்ள வா கண்ணு" என்று தமிழ்ச்செல்வனைக் கூப்பிட்டார். படித்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. இரண்டாவது வரைவில் அவரைக் கொடுமைக்காரியாக்கி முறைக்க வைத்தேன். அதுவும் பொய். ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் ரசம் வைத்து அனுப்புகிறவர் அவர். வெளியாள் எவரையும் ஒருமையில் பேசாதவர்.

மூன்றாவது வரைவு இது. மயில்சாமி என்ற பேர் காதில் விழுந்ததும் சாமியாத்தாள் ஒரு சொம்பில் தண்ணீரோடு வீட்டிலிருந்து வெளியே வந்தார். "வெயில்ல நிக்கறீங்களே தம்பி. இந்தாங்க, இங்கயே கொண்டாந்துட்டேன். உள்ள வந்து எதுக்குச் சிரமப்படறீங்க?"

எவ்வளவு இதமான குரல்! ஒரு எழுத்து மரியாதை குறையவில்லை. பேருந்தில் அந்தச் சின்னப் பெண் கேட்டதை நான் சிரித்துக்கொண்டுதான் திருடினேன். இந்த இடத்தை எழுதும்போது சிரிப்பு வரவில்லை. அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவரை என்னதான் செய்வது?

பிரவீனாவுக்கும் அது கேட்டது. இருபத்தேழு வருடமாகக் கேட்ட குரல், அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டது.

6.

முடிவுகள் கைவசம் மூன்று இருக்கின்றன.

அ. பட்டியலைப் பன்னிரண்டுக்குள் அனுப்புகிறாள். தண்ணீர்க் காட்சி போகிறது. கேம் ஓடுகிறது, ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். ஒரு வீட்டில் மயில்சாமி மட்டும் கேமைத் திறந்து பார்த்துவிட்டு—

ஆ. முதல் குறையை எடுத்துவிடுகிறாள். கேம் வெளியானதும், சிரிக்கக் காத்திருந்த பதினெட்டாயிரம் பேரும், "அம்மணி, நாப்பத்து மூணு நொடியை ஏன் சொல்லல? காசு வாங்கிட்டீங்களா?" என்று கிழிக்கிறார்கள். அவளுடைய ஒரே பெருமை போகிறது.

இ. குறையையும் சொல்லி, காரணத்தையும் சொல்லி, எல்லோரையும் கண்கலங்க வைக்கிறாள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டானே! மயில்சாமியை விற்று இவளுக்கு நல்ல பெயர் வாங்கித் தர நான் யார்?

மூன்றும் வேண்டாம். மணி பதினொன்று நாற்பது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

7.

"அண்ணா, உள்ள வாங்க" என்றாள் பிரவீனா. கேட்டை அகலத் திறந்தாள்.

"இருக்கட்டுமுங்க" என்றான் தமிழ்ச்செல்வன்.

"அதுதான் தண்ணி இங்கயே இருக்குதில்ல கண்ணு" என்றார் சாமியாத்தாள் மகளிடம்.

பிரவீனா அம்மாவின் கையிலிருந்து சொம்பை வாங்கினாள். அவனிடம் நீட்டவில்லை. நேராக வீட்டுக்குள் போனாள். கூடத்து மேசையில், திறந்து கிடந்த லேப்டாப்புக்குப் பக்கத்தில் சொம்பை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. பயமா, சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை. அருவிக்குப் பின்னால் அந்த வீட்டைக் கண்டுபிடித்தபோதும் இப்படித்தான் அடித்தது.

"தண்ணி உள்ள இருக்குதுங்கண்ணா" என்று கூப்பிட்டாள்.

சாமியாத்தாள் திரும்பி நடந்து நிலைப்படியில் போய் நின்றார். தமிழ்ச்செல்வன் கேட்டைத் தாண்டி வாசல் வரைக்கும் வந்தான். அவரைப் பார்த்தான். அவர் தோளுக்குப் பின்னால் தெரிந்த சொம்பைப் பார்த்தான்.

சாமியாத்தாள் இன்னும் நகரவில்லை. அவரை நகர்த்தும் வாக்கியம் என்னிடம் இருக்கிறது, ஒரே ஒரு வரி. எழுதினால் எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். நான் எழுதமாட்டேன்.

நீங்கள் எண்ணுங்கள், நாற்பத்து மூன்று வரை. நடுவில் எங்காவது தாண்டிப் போகத் தோன்றினால், மேசையில் லேப்டாப் திறந்துதான் இருக்கிறது. பட்டியலின் முதல் வரி அப்படியே இருக்கட்டும், அனுப்பிவிடுங்கள், பன்னிரண்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தோன்றாவிட்டால் அந்த வரியை நீங்களே அழித்துவிட்டு, சாயந்திரம் பதினெட்டாயிரம் பேருக்கு என்ன சொல்வதென்று பிரவீனாவோடு உட்கார்ந்து யோசியுங்கள்.

தமிழ்ச்செல்வன் குனிந்துவிட்டான். ஒரு செருப்பு கழன்றுவிட்டது.