கோசலாவின் காற்றுத் துவக்கு

கோசலா அந்த நீளப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறியபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஞாயிறு பின்னேரங்களில் பட்டாளத்துக்குத் திரும்புகிற பெடியள் காலிடுக்கில் துவக்கை வைத்துக்கொண்டு ரயிலில் தூங்கி வழிகிற நாடு இது. ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணொருத்தி, பின்னலும் பொட்டுமாக, குறி பார்த்துச் சுடுகிற ஒரு காற்றுத் துவக்கை வீட்டுக்குக் கொண்டுபோவதில் இங்கே யாருக்கு என்ன அதிசயம்? அதிசயப்பட வேண்டியவர் வீட்டில் இருந்தார். கதவைத் திறந்ததும் நித்தியானந்தனின் முகம் மலர்ந்தது. யன்னல் சீலைக்கு ஒரு கம்பி வேண்டும் என்று மூன்று மாதமாக மனிசியிடம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

"கம்பி வாங்கியிட்டீரோ?" என்று கையை நீட்டினார்.

"இல்லையப்பா. துவக்கு."

நீட்டிய கை அந்தரத்திலேயே நின்றது.

இந்த வினை வசந்த காலத்தில் தொடங்கியது. ஷோ-து-ஃபோன் நகரத்து மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் கோசலாவுக்குப் பக்கத்து மேசை ஷான்தாலுடையது. இருவரும் பூதக்கண்ணாடியை ஒரு கண்ணில் செருகிக்கொண்டு, மற்றக் கண்ணை மூடிக்கொண்டு, நாள் முழுக்க மணிக்கூட்டு முள் பொருத்துகிறவர்கள். ஷான்தால் ஊர்ச் சூட்டுக் கழகத்தில் பழைய ஆள். ஒரு சனிக்கிழமை, "சும்மா வந்து பார்" என்று கூட்டிக்கொண்டு போனாள். கோசலா இரவல் துவக்கில் ஒரு ஈயக்குண்டைப் போட்டு, மூச்சைப் பிடித்து, விசையை அழுத்தினாள். பெரிய சத்தம் ஒன்றுமில்லை. மேசை லாச்சியைப் படக்கென்று மூடியது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். பத்து மீற்றருக்கு அப்பால் தாளில் ஒரு ஓட்டை. அது அவள் போட்ட ஓட்டை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. வீடு வரும்வரை பஸ்ஸிலும் சிரித்தாள்.

அவள் இந்த நாட்டுக்கு வந்த பிறகு வாங்கிய பொருள் ஒவ்வொன்றும் யாருக்கோ உரியது. சோறு அவிக்கிற சட்டி வீட்டுக்கு, வயலின் மகள் மிதுஷாவுக்கு, பனிக்காலச் சில்லு காருக்கு. தனக்கு மட்டும் என்று ஆசைப்பட்டது இதுதான் முதல்முறை. அதனாலேயே அவளுக்கு இந்த ஆசையைச் சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லாமல் வாங்கிவந்துவிட்டாள்.

வாங்கியதும் லேசுப்பட்ட கதையில்லை. இந்த நாட்டுச் சிவப்புப் பாஸ்போர்ட்டைக் காட்டிய பிறகு கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது நல்ல பாரம், தூக்கிப் பிடித்தால் இடது தோள் கெஞ்சியது. இரண்டாவது இலகுதான், ஆனால் முழுக்கக் கறுப்பு, பட்டாளத்துச் சாமானைப் போலவே இருந்தது. நித்தியானந்தன் இதைக் கண்டால் அந்த இடத்திலேயே மயங்கி விழுவார் என்று நினைத்து அவள் தொடவேயில்லை. மூன்றாவது பழசு. தேன் நிறத்தில் மரப் பிடி, கண் வைத்துப் பார்க்க ஒரு சின்னத் துளை, பக்கத்தில் ஒரு லீவர். லீவரை இழுத்தால் உள்ளே ஸ்பிறிங் சுருங்கி நிற்கும், விசையை அழுத்தினால் அது பாய்ந்து காற்றைத் தள்ளும், காற்று குண்டைத் தள்ளும். "இழுக்கக் கடினம், மதாம். பெண்கள் பெரும்பாலும் காற்றுச் சிலிண்டர் பூட்டியதைத்தான் எடுப்பார்கள்" என்றார் கடைக்காரர். கோசலா ஒரே இழுவையில் இழுத்து நிறுத்தினாள். முப்பது வருடம் இடியப்ப உரல் பிழிந்த கை. கூட வந்திருந்த ஷான்தால் கடைக்குள்ளேயே கைதட்டினாள்.

"வீட்டுக்குள்ள துவக்கோ?" என்றார் நித்தியானந்தன், குரல் திரும்பி வந்த பிறகு. "சனம் என்ன கதைக்கும்?"

சனத்தின் கதை சாட்டுத்தான் என்று அவளுக்குத் தெரியும். இருபது வயதில், ஊரில், ஒரு சோதனைச் சாவடியில் அவருடைய நெஞ்சில் ஒரு துவக்கு முட்டியிருக்கிறது. இப்போதும் எங்காவது கதவு அடித்துச் சாத்தினால் அவருடைய தோள் ஒருமுறை தூக்கிப்போடும். இது விளையாட்டுச் சாமான் என்று வாய் கிழியச் சொன்னாலும் அந்தத் தோளுக்கு விளங்காது. அதனால் கோசலா சண்டை பிடிக்கவில்லை. துவக்கு வீட்டுக்குள் வராது, கட்டடத்தின் கீழறையில் பூட்டிக் கிடக்கும் என்று ஒத்துக்கொண்டாள். அவரும் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"ஒக்டோபரில போட்டி எண்டு இப்ப சொன்னனீரெல்லே? அதில பதக்கம் எடுத்தால் வைச்சிரும். இல்லாட்டி வித்துப்போடவேணும். நானே வந்து பாப்பன்."

சூட்டோடு சூடாகச் சொன்ன கடைசி வசனத்துக்கு அவர் பிறகு நிறைய வருந்தினார்.

பதக்கத்துக்குப் பத்துச் சூட்டில், நூறு புள்ளிக்கு எண்பது வேண்டும். பயிற்சியில் எண்பத்தைந்தும் வந்தது. ஆனால் "இது கணக்கில் சேரும்" என்று ஷான்தால் சொன்னவுடன் எழுபதுக்கு இறங்கிவிடும். காரணம் கை. "ஸ்பிறிங் துவக்கு குண்டு வெளியே போவதற்கு முன்னமே குலுங்கும். இறுக்கிப் பிடித்தால் அந்தக் குலுக்கம் குண்டைத் திருப்பிவிடும். உள்ளங்கையில் சும்மா வை, அது தன்பாட்டில் குலுங்கட்டும்" என்று ஷான்தால் படித்துப் படித்துச் சொன்னாள். சும்மா வைப்பதா? பஸ் கம்பி, காசுப்பை, பிள்ளையின் கை என்று எதையும் இறுக்கிப் பிடித்தே பழகியவளுக்கு அதுதான் வரவில்லை. எண்பது வராமல் துவக்கு போய்விடுமோ என்ற பயம் வந்தால் விரல் தானாகவே இறுகிவிடும். இறுகினால் துவக்குப் போய்விடும் என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

போட்டிக்கு முதல் நாள் சனிக்கிழமை, ஆயுத பூசை. அன்று கோசலாவுக்கு மேலதிக வேலை. முதியோர் இல்லத்துச் சமையற்காரரான நித்தியானந்தன் வருடா வருடம் செய்வது போல வீட்டில் தானே பூசையை ஒப்பேற்றினார். அவள் வரும்போது கடலையும் வடையும் மேசையில் இருந்தன. அவருடைய கத்திகளுக்கெல்லாம் பொட்டு, வாசலில் காருக்கும் பொட்டு, தையல் மெசினுக்கு ஒரு செவ்வந்திப் பூ. அவள் வடையைக் கடித்துக்கொண்டே நாளைய எண்பதை யோசித்தாள்.

ஞாயிறு காலை கழக மண்டபத்தில் கோப்பியும் சீஸும் மணத்தன. கோயிலுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்த நித்தியானந்தன் கடைசி வாங்கில் உட்கார்ந்தார். யாரும் குண்டே போடவில்லை, அதற்குள் இரண்டு காதிலும் விரல். கோசலா தன் இடத்தில் நின்று, துவக்கைத் தூக்கி, கன்னத்தைப் பிடியில் வைத்து, துளையில் கண்ணை வைத்தாள்.

இருட்டு.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். இருட்டேதான். துவக்கை இறக்கித் துளையைப் பார்த்தாள். துளை இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு, காய்ந்து, சீமெந்து பூசியது போல. அதன் நடுவில் குங்குமம். அவளுக்குக் கோபம் உச்சியில் ஏறியது. கீழறைப் பூட்டின் திறப்பு தொங்குகிற ஆணி இந்த மனிசனுக்குத் தெரியும். தோற்க வைக்கத்தான் அடைத்திருக்கிறார். துவக்கை மேசையில் வைத்துவிட்டு நேரே கடைசி வாங்குக்குப் போனாள். அவர் காதிலிருந்து விரலை எடுக்கும்வரை நின்றாள்.

"அந்தப் பொட்டு நீங்கள் வைச்சதோ?"

"ஓம்," என்றார் அவர். முகத்தில் களவு இல்லை, கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "வடிவாய் இருக்கோ?"

"அதுக்குள்ளாலதான் பாத்துச் சுடுறது."

நித்தியானந்தனின் வாய் திறந்தபடி நின்றது. "ஐயோ ராசாத்தி, எனக்கு எப்பிடித் தெரியும்? எல்லாத்துக்கும் வைச்சன். கத்திக்கு வைச்சன், காருக்கு வைச்சன். உம்மட சாமான் மட்டும் கீழ தனியக் கிடக்குது, மனம் கேக்கேல்லை. எங்க வைக்கிறதெண்டு தெரியாமல் பிரட்டிப் பிரட்டிப் பாத்தன். அந்த வட்டம்தான் நெத்தி மாதிரி இருந்திது."

"பிரட்டிப் பாத்தனீங்களோ? தூக்கினனீங்களோ அதை?"

"தூக்காமல்? மேல கொண்டுவந்து சாமியறையில வைச்சு, நீர் வரமுந்தித் திருப்பிக் கீழ கொண்டுபோய் வைச்சனான்." அவர் தன் இரண்டு கையையும் பார்த்தார். "முதல்ல நடுங்கிச்சுது. பிறகு நிண்டிட்டுது."

கோசலாவுக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பொதுவிடத்தில் புருசனைத் தொட்டுப் பழக்கமில்லாதவள் அவருடைய கோட்டுக் கொலரை நேராக்கிவிட்டுத் திரும்பி வந்தாள்.

கொண்டை ஊசியால் சந்தனத்தைக் குத்தி எடுத்தாள். "என்ன அது?" என்றாள் ஷான்தால். "ஆசீர்வாதம்" என்றாள் கோசலா. இத்தனை வருடத்தில் துருவும் தூசியும் சிலந்தியும் கண்டிருக்கிறேன், இது புதிது என்று ஷான்தால் தலையாட்டினாள். துளை திறந்தது. விளிம்பில் மட்டும் மஞ்சள் ஒட்டிக்கொண்டு நின்றது, ஊசிக்கு அது வரவில்லை.

ஒவ்வொரு சூட்டுக்கும் கன்னத்தைச் சாய்க்கச் சாய்க்கச் சந்தனம் மணத்தது. பத்து வந்தது, எட்டு வந்தது. ஒருமுறை விரல் பழைய புத்தியைக் காட்டி நான்கும் வந்தது. ஒன்பது சூடு முடிந்தபோது ஷான்தால் தொலைநோக்கியிலிருந்து நிமிர்ந்து எட்டு விரலைக் காட்டினாள். கடைசிச் சூட்டில் எட்டு வந்தால் எண்பது.

கோசலா லீவரை இழுத்து, குண்டைப் போட்டாள். விரல்கள் இறுகத் தொடங்கின. துவக்கைத் தூக்குவதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

நித்தியானந்தன் வாங்கில் இல்லை. எழுந்து, கயிறு கட்டிய இடம்வரை வந்து நின்றார். காதில் விரல் இல்லை. இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, ஒரு கண்ணை இறுக்கி மூடி, மற்றக் கண்ணால் அவளுடைய தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சையும் பிடித்திருந்தார் போல, கன்னம் இரண்டும் உப்பியிருந்தது.

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். பிறகு துவக்கைத் தூக்கி உள்ளங்கையில் சும்மா வைத்துக் கன்னத்தைச் சாய்த்தாள். மஞ்சள் வளையத்துக்குள், நட்ட நடுவில், கறுப்புப் புள்ளி வந்து அசையாமல் நின்றது.