வெள்ளைத் தலைக் குண்டூசிகள்

ஐந்து மணிக்கு எழுகிறேன். அலாரம் வைப்பதில்லை. பல் துலக்குகிறேன். அடுப்பில் பாலை ஏற்றி, சாக்லேட் கட்டி ஒன்றை உடைத்துப் போட்டு, கரையும்வரை நின்று கலக்குகிறேன். பாத்திரத்தின் அடி கறுத்துப் போனது. தேய்த்தால் போகாது. ஒரு துண்டுப் பாலாடைக்கட்டியைச் சாக்லேட்டில் போட்டுக் குடிக்கிறேன். குவளையைக் கழுவிக் கவிழ்க்கிறேன். அடுப்பை அணைக்கிறேன். சட்டை மாட்டிக்கொண்டு வந்து அடுப்பை மறுபடி பார்க்கிறேன். கதவைப் பூட்டி, திறந்து, மூன்றாம் முறை பார்க்கிறேன். ஐந்து ஐம்பதுக்குப் பேருந்து. புக்கராமங்கா நகரக் குடிநீர் ஆய்வகத்தில் வேலை. நீரில் குளோரின் அளவு பார்ப்பது.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை அந்தப் பேருந்தை விட்டுவிட்டுக் கல்லறை அலுவலகத்துக்குப் போனேன். கடிதம் வந்திருந்தது. என் மனைவி யோலிமா இறந்து நான்கு வருடம் முடிந்துவிட்டது. சவப்பெட்டியை வைத்து அடைக்கும் சுவர்ப் பெட்டகம் நான்கு வருடத்துக்குத்தான். அதன்பின் எலும்புகளை எடுத்து எலும்பறையில் ஒரு மாடத்தில் வைக்க வேண்டும். மாடம் கிடைக்காதவர்களுக்குப் பொதுக்குழி. அங்கே பெயர் எழுத மாட்டார்கள்.

"மாடமெல்லாம் ஃபுல், தம்பி" என்றார் குமாஸ்தா. "உங்களுக்கு முன்னாடி நாப்பது பேர் காத்திருக்காங்க."

"எவ்வளவு நாளாகும்?"

"உள்ள இருக்கறவங்க எழுந்து போகணும்." சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. இங்கயே உக்காந்து உக்காந்து வாய் இப்படி ஆயிடுச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு இடம் சொல்லுங்க. இல்லேன்னா குழிதான்."

மாமியார் தோன்யா எலோய்னாவிடம் போய்ச் சொன்னேன். முழங்கால் வீங்கி, ஆறு மாதமாகக் கட்டிலைவிட்டு இறங்காதவர்.

"எதுக்கு மாப்ள அந்த வரிசை?" என்றார். "செரேரோக்களுக்குன்னு சான் பெர்னபே கோவில்ல ஒரு சுவரே இருக்கு. மெழுகுவர்த்திக்காரங்க சபையோட சுவரு. அங்க கொண்டு போங்க. அவளே கேட்டதுதானே அது? கடைசியா அதைத்தானே கேட்டா?"

ஆமாம் என்றேன்.

செரேரோ என்பது மாமனாரின் குடும்பப் பெயர். யோலிமாவுக்கும் அதுதான். மெழுகு காய்ச்சுகிறவன் என்று அர்த்தம். மாமனார் மக்தலேனா ஆற்றில் படகோடு போனவர். உடல் கிடைக்கவில்லை. அதனால் அந்தச் சுவரில் இடம் வேண்டும் என்று அந்தக் குடும்பத்தில் இதுவரை யாரும் போய்க் கேட்டதில்லை. இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு மட்டும் இருந்தார்கள்.

யோலிமா மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவள். எந்த ஊருக்குப் போனாலும் பழைய தொலைபேசிப் புத்தகம் ஒன்றைக் கேட்டு வாங்கி வருவாள். இரவு உணவுக்கு முன் மேசையில் குனிந்து செரேரோக்களைத் தேடுவாள். கிடைத்த ஒவ்வொருவருக்கும் அவர் ஊரில் ஒரு குண்டூசி. சாப்பாட்டு அறைச் சுவர் முழுக்க வரைபடம். இருநூற்றுப் பதினேழு ஊசிகள்.

"பின்சோன்னா குருவி. குருவி எங்க வேணும்னாலும் உக்காரும். உங்களையெல்லாம் தேட முடியாது" என்பாள். என்னை என் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவாள். "எங்க பேரு ஒரு வேலை. அந்த வேலை எங்க இருந்துச்சோ அங்கதான் நாங்க இருப்போம்."

விரலால் வழி காட்டுவாள். கடல் தாண்டி வந்த ஒரு மெழுகுக்காரன் சான் பெர்னபே ஊரில் குடியேறினான். அங்கிருந்து கோவேறு கழுதைப் பாதையில் சொக்கோரோ, ஒக்கான்யா, குக்குத்தா. கோவில் கட்டின ஊரிலெல்லாம் ஒரு செரேரோ. எல்லை தாண்டி மராக்கைபோவரை. பிறகு மின்சாரம் வந்தது. மெழுகு காய்ச்சின பேரன்கள் பர்ராங்காவுக்கு எண்ணெய்க் கிணறு தோண்டப் போனார்கள். அதன்பின் பொகோத்தா, லாரி, தையல், போலீஸ். வேலை போய்விட்டது. பெயர் மட்டும் நடந்துகொண்டே இருந்தது.

ஊசிகளெல்லாம் முதலில் சிவப்பு. அவள் இறப்பதற்கு ஒரு வருடம் முன்பு ஒரு நாள் மாலை உட்கார்ந்து அத்தனையையும் பிடுங்கிவிட்டு வெள்ளை ஊசி குத்தினாள். சான் பெர்னபேயில் இருந்த மூன்றை மட்டும் விட்டுவிட்டாள்.

"சிவப்பு நல்லாத்தானே இருந்தது?" என்று கேட்டேன்.

"கண்ணை உறுத்துது."

அந்த மூன்றுக்கு வெள்ளை தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்தேன்.

புதன்கிழமை எலும்பெடுத்தார்கள். வீட்டார் ஒருவர் கூட நிற்க வேண்டும் என்பது வழக்கம். நான் நின்றேன். பெட்டகத்தை மூடியிருந்த பலகையை உடைத்தவர், "ஆள் சரிதானான்னு பாத்துக்கோங்க சார், அப்புறம் மாறிடுச்சுன்னு வராதீங்க" என்றார். இடது கடைவாய்ப் பல்லில் வெள்ளி அடைப்பு இருந்தது. அந்தப் பல் மருத்துவரிடம் அவளை அழைத்துப் போனது நான்தான். சரி என்றேன். தையல் இயந்திரத்தின் மூடி அளவு ஒரு மரப்பெட்டி. எல்லாம் அதில் அடங்கியது.

வியாழக்கிழமை காலை சான் பெர்னபே பேருந்தில் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்தேன். எறும்புக் காலம். வறுத்த எறும்பைத் தின்பண்டமாக விற்கிறவர்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"பெட்டியை மேல போடுங்க மாஸ்டர்" என்றார் நடத்துநர்.

"வேண்டாம். மடியிலயே இருக்கட்டும்."

"உள்ள என்ன, சேவலா? சண்டைச் சேவல்னா அதுக்கும் டிக்கெட் போடுவேன், சொல்லிட்டேன்."

"மனைவி" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார். பின்னால் இருந்த எறும்புக்காரி எறும்பு நிரப்பிய ஒரு காகிதச் சுருளை என் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

சபையின் சாவி யாரிடம் என்று கோவிலில் கேட்டேன். எதிரே டயர் கடையைக் காட்டினார்கள். தோன் ரமிரோ செரேரோ. ஐம்பது வயதிருக்கும். ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னேன். பெட்டியைப் பார்த்தார்.

"எடுத்துக்கிட்டே வந்துட்டீங்களா? கேட்டுட்டு எடுத்திருக்கக் கூடாதா?"

"இடம் இல்லையா?"

"இடத்துக்கென்ன? ஒம்பது மாடம் காலியா கிடக்கு. எந்த செரேரோ அவங்க?"

"பர்ராங்கா. தாத்தா சொக்கோரோ. அவரோட அப்பா இந்த ஊர். நிக்கோமெதேஸ்."

டியூபை விட்டுவிட்டுக் கையைத் துடைத்தார். உள்ளே போய் ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டு வந்து, ஸ்பேனர்களைத் தள்ளிவிட்டு மேசையில் வைத்தார். தேட வேண்டியிருக்கவில்லை. பக்கம் தெரிந்தே திறந்தார்.

"நீங்களே படிங்க. படிச்சவர் மாதிரி இருக்கீங்க."

ஒரு வரிதான். 1871, நிக்கோமெதேஸ், ஆண். வாசலில். காலை நான்கு மணி. சுற்றியிருந்தது கோணி.

"மெழுகு காய்ச்ச விடியறதுக்கு முன்னாடியே அடுப்பு மூட்டணும்" என்றார். "ஊர்லயே அந்த நேரத்துல வெளிச்சம் இருக்கிற வீடு எங்க வீடுதான். பிள்ளையை வேண்டாம்னு வைக்கிறவ வேற எங்க வைப்பா? குளிர்ல செத்துடக் கூடாது, யாராவது முழிச்சிருக்கணும். இருநூறு வருஷத்துல முப்பத்தோரு பிள்ளைங்க. எடுத்து வளத்தோம். எங்க பேரை வெச்சோம். அதுல குறை சொல்ல முடியாது."

"பிறகு?"

"பிறகென்ன? பட்டறை ரத்தப் பிள்ளைக்கு. வாசல் பிள்ளைக்கு வயசு வந்ததும் பேரும் ஒரு கழுதையும். போ, வேற ஊர்ல போய்க் காய்ச்சுன்னு அனுப்பிடுவாங்க. ஒவ்வொருத்தனும் கோவில் இருக்கிற ஊராப் பாத்துப் போனான்."

"எல்லாரும் இங்கிருந்து போனவங்கதானே?"

"நாங்க எங்க சார் போனோம்? இந்தத் தெருவைத் தாண்டலை. வெளியூர்ல ஒரு செரேரோவைப் பாத்தா அவன் வாசல் பிள்ளை வம்சம். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம். இப்ப ரத்தம்னு இருக்கிறது நான், என் தம்பி, எங்க அத்தை. மூணு பேர். யாருக்கும் பிள்ளை இல்லை."

"அப்போ ஒன்பது மாடத்தில் ஆறு காலியாகவே இருக்கும்."

"இருக்கும்."

"ஒன்றைக் கொடுக்கலாமே."

"உங்களுக்குக் கொடுத்தா நாளைக்கு மராக்கைபோவுலேர்ந்து லாரியில எலும்பு வந்து இறங்கும். சபை விதி சார். சுவரு ரத்தத்துக்கு. எங்கப்பன் காலத்துல பிஷப்போட அண்ணன் மகனுக்கே இல்லைன்னாங்க." குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் இது சங்கடம்தான். நீங்க நம்ப மாட்டீங்க."

நம்பினேன். அவர் புத்தகத்தை மூடினார்.

"அந்தப் பொண்ணுக்குத்தான் எல்லாம் தெரியுமே. உங்ககிட்ட சொல்லலையா?"

"எந்தப் பெண்?"

"யோலிமான்னீங்களே. அஞ்சு வருஷம் முன்னாடி வந்துச்சு. முதுகுல இவ்வளவு நீளக் குழாய்ல மேப்பைச் சுருட்டி வெச்சுக்கிட்டு. நீங்க நிக்கிற இடத்துலதான் நின்னுச்சு. புஸ்தகம் பூரா படிச்சுது, மத்தியானம் சாப்பிடக்கூட போகலை. அழும்னு பயந்தேன். அழலை. வெள்ளைத் தலைக் குண்டூசி எங்க கிடைக்கும்னு கேட்டுச்சு. எதுத்த கடையைக் காட்டினேன்."

எதிரே பார்த்தேன். பொத்தான், நூல், ஊசி விற்கும் கடை. மூடியிருந்தது.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார்.

குடித்தேன். குளோரின் குறைவு.

கோவிலுக்குள் போய்ச் சுவரைப் பார்த்தேன். ஒன்பது மாடங்களும் திறந்து கிடந்தன. ஒன்றில் யாரோ துடைப்பத்தை வைத்திருந்தார்கள். பெட்டியை ஒரு மாடத்தின் விளிம்பில் வைத்துப் பார்த்தேன். சரியாக உட்கார்ந்தது. எடுத்துக்கொண்டேன். இரண்டு மணிப் பேருந்தில் அதே நடத்துநர். மடியில் பெட்டியைப் பார்த்தார். ஒரு டிக்கெட் கிழித்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். சாக்லேட் குடித்தேன். அடுப்பை மூன்று முறை பார்த்தேன். எட்டு மணிக்குக் கல்லறையில் குமாஸ்தா ஒரு தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

"பெட்டி திரும்ப வேணுமா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். பிறகு வேண்டும் என்றேன். குழியின் மேல் ஒரு இரும்பு மூடி. திறந்து கொட்டினார்கள். அதிக நேரம் ஆகவில்லை. ஆய்வகத்துக்கு இரண்டு மணி நேரம் தாமதம்.

மாலையில் தோன்யா எலோய்னாவிடம் போனேன். தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலை வாரி, காதில் கம்மல் போட்டிருந்தார்.

"வெச்சாச்சா மாப்ள?"

"வெச்சாச்சு."

"எந்த வரிசை?"

"மேலிருந்து இரண்டாவது. ஜன்னல் பக்கம்."

"வெளிச்சம் வருமா?"

"வரும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவ அப்பாவுக்குக் கொடுத்து வெக்கலை. அவளாவது நம்ம ஆளுங்களோட சேந்துட்டா. கடைசி மூச்சுல அதைத்தானே கேட்டா. நவம்பர் ரெண்டாம் தேதி எப்படியாவது என்னை அங்க கூட்டிட்டுப் போயிடுங்க. கல்லறைத் திருநாளுக்கு ஒரு மெழுகுவர்த்தி வெக்கணும்."

சரி என்றேன். மே முடியப் போகிறது. ஐந்து மாதம் இருக்கிறது. முழங்கால் அதற்குள் சரியாகாது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததைப் பற்றி மேற்கொண்டு நினைக்கவில்லை.

"எங்க ஆளுங்களோட என்னை வைங்க" என்று யோலிமா சொல்லவில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் தோன்யா எலோய்னா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, என்ன சொன்னா, கடைசியா என்ன சொன்னா என்று கேட்டபோது, ஒரு தாயிடம் சொல்லும்படி ஏதாவது வேண்டியிருந்தது. சுவரில் இருந்த வரைபடம் நினைவுக்கு வந்தது. சொல்லிவிட்டேன். தனக்கு அங்கே ஆட்கள் இல்லை என்று யோலிமாவுக்கு அப்போதே தெரியும். எனக்குத் தெரியாது.

அன்று காலை ஐந்தரை. அவள் சமையலறையில் குவளையைக் கீழே போட்டாள். தலை வலிக்கிறது என்றாள். உட்கார்ந்தாள். நான் செருப்பில்லாமல் ஓடி டாக்ஸியை நிறுத்தினேன். வண்டியில் அவள் தலை என் தோளில் இருந்தது. ஒரு கண் மூடவில்லை. ஓட்டுநர் ஒவ்வொரு சிக்னலிலும் திரும்பிப் பார்த்தார். மருத்துவமனைக்கு இரண்டு தெரு முன்னால் அவள் ஒன்று கேட்டாள். நாக்கு தடித்திருந்தாலும் வார்த்தைகள் தெளிவாக இருந்தன. ஆமாம் என்றேன். அதன்பின் அவள் பேசவில்லை. சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது சாக்லேட் பாத்திரம் கரியாகி, அடி சிவந்திருந்தது. கீழே நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் கேட்டது:

"பின்சோன், அடுப்பை அணைச்சிட்டீங்களா?"