கோட்டுக்கு மேல் நின்ற எண்ணெய்

படகோட்டி முனிவேல் அளவுக் கம்பியை உருவி வெயிலில் பிடித்துப் பார்த்தான். கியர்பாக்ஸ் எண்ணெய் தேன் நிறத்தில் இருக்க வேண்டும். கம்பியில் ஒட்டி வந்ததோ ஆறிப்போன பால்தேநீரைப் போல் வெளுத்து நுரைத்திருந்தது. அதனினும் அச்சுறுத்தியது வேறொன்று. நேற்று மாலை அக்கரையில் படகைக் கட்டியபோது எண்ணெய் கம்பியின் கோட்டுக்குச் சரியாக நின்றது. இரவில் மழை பெய்யவில்லை. படகை எவரும் அண்டவில்லை. ஆயினும் எண்ணெய் கோட்டுக்கு மேல் ஒரு விரற்கடை ஏறியிருந்தது.

சந்தை நாளாகையால், விடியலிலேயே அக்கரை ஊராரை ஏற்றிக்கொண்டு அவன் அணை நீரைக் கடந்து இக்கரைக்கு வந்திருந்தான். நடுநீரில் கியரை முன்னுக்குத் தள்ளியபோது எஞ்சின் உறுமியது. படகோ, கூப்பிட்ட குரல் காதில் விழாதவனைப் போல், சற்று நின்று பிறகே நகர்ந்தது. கர்நாடகத்தில் பெய்த மழைக்கு மதகுகள் இரண்டைத் திறந்திருந்தார்கள். படகு நின்ற அந்தச் சிறுபொழுதில், அதன் பின்புறம் தானாக மதகுப் பக்கம் திரும்பியதை அவன் பார்த்தான். ஊரார் பார்க்கவில்லை. அவர்கள் ஆட்டு விலையைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களை மாலையில் திரும்ப அழைத்துச் செல்ல வேண்டும். தரைவழியே போவதென்றால் மலையைச் சுற்ற வேண்டும். அந்தப் பாதையில் பேருந்தும் இல்லை.

அவன் ஓசூருக்குத் தொலைபேசியில் சொல்ல, திம்மப்பன் உச்சிப்பொழுதில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். லாரி கியர்பாக்ஸ் பழுதுபார்ப்பதில் அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. படகு கியர்பாக்ஸைப் பார்க்கத் தெரிந்தவர் கடற்கரைக்குப் போனால்தான் கிடைப்பார் என்பதால், படகும் அவர் கைக்கே வந்தது. சென்ற முறை இதேபோல் எண்ணெய் வெளுத்தபோது அவர்தான் மாற்றித் தந்தார்.

கம்பியைப் பார்த்ததும் அவர் முகம் கடுகடுத்தது. "ஏனப்பா முனிவேலு, மறுபடியும் குளிப்பாட்டினியா?"

"இல்லீங்கண்ணா."

"ஆயுத பூஜைக்கு லாரி கழுவுற ஆளைக் கூட்டியாந்து, பைப்பை வெச்சு அடிச்சது யாரு? மூடி மேல இருக்கிற காத்து ஓட்டை வழியா தண்ணி இறங்கிடுச்சுன்னு அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். மஞ்சளும் பொட்டும் இன்னும் அழியல பாரு."

"அன்னையிலிருந்து ஒரு சொட்டு படல அண்ணா. பிளாஸ்டிக் பையைச் சுத்திக் கட்டி வெச்சிருக்கேன். நீங்களே பாருங்க."

பை கட்டியபடியே இருந்தது. அதனுள் தூசிதான் இருந்தது; ஈரமில்லை. திம்மப்பன் அதை அவிழ்த்துப் பார்த்துவிட்டு மீண்டும் கட்டினார்.

கரையோரத்தில் லட்சுமியம்மாளின் தேநீர்க்கடை இருந்தது. திம்மப்பன் அவளிடம் பழைய தட்டு ஒன்றை வாங்கி அடுப்பில் காயவைத்து, அந்த எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டார். தாளிக்கும் கடுகைப் போல் அது சடசடவென்று வெடித்துத் தெறித்தது. நல்ல எண்ணெய் புகைந்திருக்குமேயன்றி வெடித்திராது.

"என்னா சாமி, படகை வறுத்துத் தின்னப் போறீங்களா?" என்றாள் லட்சுமியம்மாள்.

அவர் சிரிக்கவில்லை. "தண்ணிதான். அதுவும் நெறைய."

"ராத்திரி கோட்டுக்குச் சரியா இருந்துச்சு. காலையில ஏறி நிக்குது அண்ணா," என்றான் முனிவேல்.

திம்மப்பன் சட்டென்று திரும்பினார். "ஏறிச்சா? இதை ஏண்டா முதல்லயே சொல்லல?"

லாரி கியர்பாக்ஸுக்குள் நீர் புக வேண்டுமானால் மேலிருந்துதான் புக வேண்டும். அதற்கு வேறு வழி கிடையாது. வாழ்நாளெல்லாம் மேலேயே பார்த்துப் பழகிய கண் அவருடையது. இப்போதுதான் அவர் படகின் அடிவயிற்றில் குனிந்து, கியர்பாக்ஸிலிருந்து புறப்பட்ட எண்ணெய்க் குழாயைக் கையால் தடவிக்கொண்டே சென்றார். குழாய் ஒரு பித்தளை உருளைக்குள் நுழைந்தது. அதன் மறுமுனையில் அணை நீர் நுழைந்தது. எண்ணெயின் சூட்டைத் தணிக்கும் கூலர் அது. அதனுள் எண்ணெய்க்கும் அணைக்கும் நடுவே மெல்லிய செப்புக் குழாய்களின் சுவர் மட்டுமே இருந்தது.

கழற்றினார்கள். எண்ணெய் செல்லும் ஒரு வாயை அடைத்து, மறுவாயில் சைக்கிள் பம்பைப் பொருத்தி, உருளையை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி முனிவேல் காற்றை அடித்தான். குமிழிகள் எழுந்தன. ஓரிடத்திலன்று, கொதிக்கும் உலைபோல் நாற்புறமும் எழுந்தன.

"படகு ஓடுறப்ப எண்ணெய் வெளிய போகுது, நின்னா அணை உள்ள வருது," என்றார் திம்மப்பன் மெதுவாக. "நான் மேல பார்த்துட்டிருந்தேன்."

"போன வருசம் போட்ட புதுக் கூலர் அண்ணா இது."

அவர் உருளையின் மூடியைத் திறந்து காட்டினார். செம்பு பச்சை பூத்து, செல்லரித்த ஓலைபோல் இருந்தது. இருவரும் நீரைப் பார்த்தார்கள். கரையோரம் வெண்ணுரை கட்டி ஒதுங்கியிருந்தது; அதில் கொக்கு ஒன்றும் இறங்கக் காணோம். கழிவு கலந்த அந்த நீர்தான் ஓராண்டுக்குள் செம்பைத் தின்றிருந்தது.

புதுக் கூலர் பெங்களூரிலிருந்து வர வேண்டும். அதுவரை ஒரு வழிதான் இருந்தது. எண்ணெய்க் குழாய்கள் இரண்டையும் கூலரைத் தவிர்த்து நேராக இணைத்தார். நீர்க்குழாயையும் அவ்வாறே இணைத்தார். வெளுத்த எண்ணெயை வடித்து, வடிகட்டியை மாற்றி, புது எண்ணெய் ஊற்றி ஓட்டி, அதையும் வடித்து மறுபடி ஊற்றினார். இம்முறை கம்பியில் தேன் நிறம் வந்தது.

"மெதுவா ஓட்டினா சூடு ஏறாது. ஒரு நடை போகலாம்."

சந்தைக்கூட்டம் அதற்குள் திரும்பியிருந்தது. ஆட்டு வியாபாரி கருப்பாயி, விற்காத குட்டிகள் இரண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி முன்னே நின்றாள். "ஏண்டா முனிவேலு, படகுக்குப் பேதியா? வடிச்சு வடிச்சு ஊத்துறீங்க. எம்மவ பெத்த உடம்போட தனியாக் கெடக்கறா. பொழுது சாயுது பாரு."

"அக்கா, மொதல்ல வெறும் படகை ஓட்டிப் பார்த்துட்டு வந்துடறேன்."

"வெறும் படகா? டீசல் என்ன உங்கப்பன் வீட்டுதா?" என்று ஒருவன் கத்தினான். கூட்டம் சிரித்தது. கருப்பாயி ஏறும் பலகையில் காலை வைத்தேவிட்டாள்.

முனிவேல் குறுக்கே கையை நீட்டினான். படகு நடுநீரில் நின்றதும் பின்புறம் திரும்பியதும் அவன் கண்முன் நின்றன. "இறங்குங்க. ஒருத்தரையும் ஏத்த மாட்டேன்."

"நீ எக்கேடோ கெட்டுப் போ!" என்று இறங்கினாள் அவள். திம்மப்பன் ஏறிக்கொண்டார். அவருக்கு நீச்சல் தெரியாது, இருந்தும் ஏறிக்கொண்டார்.

பாதி வழிவரை படகு பழுதின்றிச் சென்றது. மதகின் இழுப்பு தொடங்குமிடத்தில் முனிவேல் விசையைச் சற்றுக் கூட்டினான். எஞ்சின் அலறியது, படகு நகரவில்லை. கியரைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினான். அலறல்தான் மிகுந்தது. எண்ணெயை மாற்றிவிட்டார்கள், ஆனால் நீர் கலந்த எண்ணெயில் இத்தனை நாள் வழுக்கி வழுக்கித் தேய்ந்த கிளட்ச் தகடுகள் உள்ளேயே இருந்தன. கருகல் நாற்றம் எழுந்தது.

"பிளேட் போச்சு!" என்றார் திம்மப்பன்.

படகு பக்கவாட்டில் மிதந்தது. தொலைவில் ஓடும் ரயிலைப் போலிருந்த மதகின் இரைச்சல் வரவரப் பேச்சை விழுங்கியது. முனிவேல் நங்கூரத்தைத் தூக்கி எறிந்தான். கயிறு ஓடியது, முறுகியது, நின்றது. மறுகணம் சேற்றைக் கிழித்துக்கொண்டு நங்கூரம் இழுபட, படகு மறுபடி நகர்ந்தது. திம்மப்பன் கன்னடத்தில் தம் குலதெய்வத்தை அழைத்தார். மதகுக்கு முன்னால் கட்டியிருந்த எச்சரிக்கை மிதவைகளை முட்டும் தறுவாயில் கயிறு எதிலோ சிக்கி விறைத்தது. வெறும் படகாகையால் அது தாங்கியது.

கரையிலிருந்து லட்சுமியம்மாள்தான் அணை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னாள். மதகுகளை இறக்கி மூடிய பிறகு, பரிசலில் வந்தவர்கள் கயிறு கட்டிப் படகை இழுத்து வந்தார்கள். கருப்பாயியை மட்டும் பரிசலில் அக்கரை சேர்த்தார்கள். மற்றவர்கள் அன்றிரவு இக்கரையிலேயே படுத்தார்கள்.

கியர்பாக்ஸ் ஓசூருக்குச் சென்று, புதுத் தகடுகளோடு திரும்பியது. புதுக் கூலரும் வந்தது. எண்ணெய் வெளுக்கவில்லை, கோட்டைத் தாண்டவுமில்லை. எனினும் திம்மப்பன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "எண்ணெயை நம்பாதே. மாசா மாசம் கூலரைக் கழட்டிக் காத்தடிச்சுப் பாரு."

மாதம் ஒன்று முடிந்த சந்தை நாளன்று, விடியலில் முனிவேல் அக்கரையில் கூலரைக் கழற்றி வாளியில் அமிழ்த்தினான். ஊரார் படகில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு உருளையின் அடியிலிருந்து ஒரே ஒரு குமிழி புறப்பட்டு, மெல்ல மேலேறி உடைந்தது. அவன் மறுபடி காற்றடித்தான். அதே இடத்தில் இன்னொன்று. ஒரே மாதத்தில் அணை நீர் புதுக் கூலரையும் துளைத்திருந்தது.

"இறங்கிடுங்க," என்றான்.

கருப்பாயி வாளியை எட்டிப் பார்த்தாள். இம்முறை வையவில்லை. குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கரையில் விட்டுவிட்டு, மலைப்பாதையை நோக்கி நடந்தாள். மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். மதகுப் பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.