அழுததற்கு ஒரு ரசீது

என் தம்பியின் பாசத்துக்கு விலை அறுநூறு. டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்தது.

பதினாலு மாதமாக எங்கள் பேச்சுவார்த்தை கணக்குப்பிள்ளை வழியாகத்தான் நடந்தது. அப்பா விட்டுப்போன துணிக்கடையில் தெருவைப் பார்த்த முன்கடை என்னுடையது. திரைச்சீலை, மெத்தை உறை. பின்கடையும் கிடங்கும் அவனுடையவை, மொத்த வியாபாரம். மூக்குக்கண்ணாடி விற்கிற ஒருவர் முன்கடையை நல்ல வாடகைக்குக் கேட்டதிலிருந்து, என்னை மாடிக்கு ஏற்றிவிடத் தம்பி துடித்தான். படியேறி வந்து திரைச்சீலை வாங்க யாருக்கு முழங்கால் இருக்கிறது? இருபத்திரண்டு வருஷம் நின்று சேர்த்த வாடிக்கை எல்லாம் அந்த வாசலை நம்பித்தான். முடியாது என்றேன். அவன் பேச்சை நிறுத்திவிட்டான்.

அப்படிப்பட்டவன் ஒரு சனிக்கிழமை கல்லாவுக்கு எதிரே வந்து நின்று இரண்டு டிக்கெட்டை வைத்தான்.

“பழைய பாட்டுக் கச்சேரி, அக்கா. முன்வரிசை. வா, போய்ட்டு வரலாம்.”

“ஓசியில வந்துச்சா?”

“காசு குடுத்து வாங்கினேன்.”

என் தம்பி காசு கொடுத்து ஒன்றை வாங்கினான் என்பதே எனக்குப் பாதி சமாதானம். போனேன்.

அரங்கில் தொள்ளாயிரம் பேர் இருப்பார்கள். எனக்குப் பாட்டைவிடக் கூட்டத்தைப் பார்ப்பதுதான் பழக்கம். முதல் பாட்டில் பக்கத்து நாற்காலிக்காரர் நடுவில் இருந்த கைப்பிடி முழுவதையும் தனக்கே வைத்துக்கொண்டார். மூன்றாவதில் பாதியை விட்டார். ஐந்தாவதில், முன்பின் தெரியாத என்னிடம் மிட்டாய் நீட்டினார். டிரம்ஸ்காரன் வேகத்தைக் கூட்டினால் அத்தனை பேரும் ஒரே கையாகத் தட்டுகிறார்கள். பாடகன் ஒரு விரலைத் தூக்கினால் நிறுத்துகிறார்கள். “இப்படி ஒரு விரல் எனக்கு இருந்தா நான் தள்ளுபடியே குடுத்திருக்க மாட்டேன்டா” என்றேன். தம்பி சிரித்தான். பதினாலு மாதத்தில் முதல் சிரிப்பு.

இடைவேளைக்கு முந்தின பாட்டுக்கு விளக்கைத் தாழ்த்தினார்கள்.

அப்பா துணி அளக்கும்போது முணுமுணுக்கிற பாட்டு அது. எல்லாருக்கும் தெரிந்த பாட்டுதான். ஆனால் அப்பா அதை ஒரு விதமாகப் பாடுவார். இரண்டாவது அடியின் நடுவில், கத்தரி துணிக்குள் இறங்கும்போது, பாட்டை நிறுத்திவிடுவார். வெட்டி முடித்த பிறகுதான் மிச்சம் வரும். பாடகன் அதே இடத்தில் நிறுத்தினான். ஒரு கத்தரி துணியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்ச் சேருகிற நேரம். அரங்கு மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தது. கலை என்று நினைத்திருப்பார்கள். எனக்குக் கத்தரிச் சத்தம் கேட்டது. பிறகு மிச்சத்தைப் பாடினான்.

நான் அழுத அழுகையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மிட்டாய்க்காரர் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். தம்பி என் கையைப் பிடித்தவன் விடவில்லை.

இடைவேளையில், காபி கவுண்டர் பக்கத்தில், “நமக்குள்ள எதுக்குக்கா சண்டை” என்று ஒரு காகிதத்தை எடுத்தான். கால் மீட்டர் துணிக்கு வந்த பில்லையே இரண்டு முறை படிக்கிறவள் நான். படிக்காமல், கவுண்டர் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அப்பாவே வந்து நடுவில் நிற்பது போல இருந்தது. ஒரு வாசல், அதில் என்ன இருக்கிறது என்று தோன்றியது.

பத்து நாள் கழித்து, மாடிக்கு ஏற்றுவதற்காகத் துணிச்சுருள்களைக் கட்டிக்கொண்டிருந்த காலையில், அந்தப் பாடகன் கடைக்கு வந்தான். பகல் வெளிச்சத்தில் ஆள் ஒரு சுற்று இளைத்துத் தெரிந்தான். திரைச்சீலையைத் தடவிப் பார்த்தான். வாங்க வந்தவன் அப்படித் தடவ மாட்டான்.

“என்ன வேணும்?”

“ஒரு சின்ன உதவிக்கா. அன்னைக்கு முன்வரிசையில இருந்தீங்கல்ல. நீங்க அழுதீங்களா, இல்லையா?”

“தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?”

“உங்க தம்பி மிச்சப் பணம் தரமாட்டேங்கிறாரு. பாதி முன்பணம், பாதி நீங்க அழுத பிறகுன்னு பேச்சு. இப்ப, அக்கா அழவே இல்ல, ஏசி காத்துல கண்ணு எரிஞ்சுச்சுங்கிறாரு. மேடையில இருந்தே எனக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா தீர்ந்துரும்.”

கையில் இருந்த கயிற்றைக் கீழே வைத்தேன்.

“எவ்வளவுக்குப் பேசினீங்க?”

“பத்தாயிரம் கேட்டேன். ஆறுக்கு இறக்கிட்டாரு.”

“எங்க வீட்டு ஆளுங்ககிட்ட பதினஞ்சுல ஆரம்பிக்கணும். நடுவுல நிறுத்தினீங்களே, அது?”

“அது அவர் சொல்லிக் குடுத்ததுதான். ஃபோன்ல மூணு தரம் பாடிக் காட்டினாரு. தாளம் உடைஞ்சிடும், அதுக்குத் தனியா ஆயிரம் ஆகும்னேன். மூணாவது தரம் பாடும்போது அவருக்கே குரல் அடைச்சுக்கிச்சு. அப்புறம் செருமிட்டு, ஐந்நூறுதான் தருவேன்னாரு.”

பேச்சுச் சத்தம் கேட்டுப் பின்கடையிலிருந்து தம்பி வந்தான். மட்டச் சரக்கைக் கட்டிக் கொடுத்துவிட்டு மறுநாள் வாடிக்கைக்காரர் எதிரில் அகப்பட்டவன் முகம்.

“இங்க எதுக்கு வந்தீங்க?” என்று பாடகனிடம் பாய்ந்தான்.

“என்னைக் கேளுடா,” என்றேன். “நான் அழுதேனா, இல்லையா?”

“அக்கா, பாட்டு என்ன பொய்யா? அது அப்பா பாட்டுதானே. நீ கேட்டு எவ்வளவு நாளாச்சு.”

“பாட்டு பொய் இல்ல. அந்த நிறுத்தம் நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அதை வெளியாளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கே. அதுலயும் பாதி விலை பேசி.”

“காகிதத்துல கையெழுத்து போட்டது நீ. நான் என்ன கையைப் பிடிச்சா போட வச்சேன்?”

“பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தே.”

பாடகன் மெல்ல வாசலை நோக்கி நகர்ந்தான். “அக்காவைச் சந்தோஷப்படுத்தணும்னுதான் என்கிட்ட சொன்னாரு. காகிதம் பத்தியெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா.”

“நில்லுங்க.”

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கேட்ட அளவுக்கு, கேட்ட இடத்தில் வெட்டிக் கொடுத்தவன். ரசீதுப் புத்தகத்தை எடுத்து எழுதினேன்: ‘பாட்டு ஒன்று, நடுவில் நிறுத்தம் உட்பட, வந்து சேர்ந்தது. அழுதேன்.’ கீழே கையெழுத்து, கடை முத்திரை. கிழித்துத் தம்பியிடமே நீட்டினேன்.

அவன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு பணத்தை எண்ணி வைத்தான். மூவாயிரத்து நானூறு. நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு நூறை எடுத்து வைத்தான்.

வக்கீலைப் பார்த்தேன். “பாட்டு கேட்டு மனசு இளகிடுச்சுன்னு மனு போட முடியாதும்மா,” என்றார். மாடிக்குப் போய்விட்டேன். வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் படியேறுகிறார்கள். மீதிப் பேர் கீழே கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மாடியில் நான் துணி வெட்டும்போது அந்தப் பாட்டு தானாகவே வருகிறது. முன்பெல்லாம் கூடவே அப்பாவும் வருவார். இப்போது மைக்கைப் பிடித்துக்கொண்டு, விரலைத் தூக்கியபடி, பாடகன்தான் வருகிறான்.

வருஷக் கணக்கு முடித்தாயிற்று. பாடகனுக்கு யாரும் பாக்கி இல்லை. அந்தக் காகிதத்தில் எழுதியிருந்தபடி முன்கடை வாடகையில் என் பாதி தேதி தவறாமல் வருகிறது. பேரேட்டில் தம்பிக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கி, பற்று வரிசையில் ‘அப்பா பாட்டு’ என்று எழுதியிருக்கிறேன். தொகைக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.